கரண்ட் போகும் ஊரில் வீடு நடத்துவது

கரண்ட் போனதும் மெழுகுவர்த்தியைத் தேடுவதற்கு முன்னால் வாசலுக்கு வாருங்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா, தெருக்கோடி வரை இருட்டா, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்று பத்து நிமிடத்தில் நீங்களே சரிசெய்யக்கூடியது. ஒன்று லைன்மேன் வந்தால் தீர்வது. மூன்றாவதற்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். எது என்று தெரிந்தால்தான் சமையலை முடிப்பதா, மாவைக் காப்பாற்றுவதா, பாயை முற்றத்தில் விரிப்பதா என்று முடிவுசெய்ய முடியும்.

மின்வெட்டு அதிகமான ஊர்களில் பலரும் முதலில் செய்வது டவுனுக்குப் போய் ஒரு இன்வெர்ட்டர் வாங்குவது. இந்த அத்தியாயம் வேறு வரிசையைச் சொல்கிறது. முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது, அடுத்தது தண்ணீர், அதற்கடுத்தது வீட்டின் மின்தேவையைக் குறைப்பது. பேட்டரி இவற்றுக்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிய வீடுகளில் முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய இன்வெர்ட்டர் ராத்திரி பதினொரு மணிக்கே கீச்சிட்டு அணைந்துவிடுகிறது.

எங்கே போயிருக்கிறது?

உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். எம்.சி.பி. விழுந்திருந்தால் லோடு அதிகமாகியிருக்கிறது அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டுத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அந்தச் சாமானில்தான் கசிவு. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் நிற்காமல் விழுந்தால் சுவருக்குள் ஓடும் ஒயரில் கோளாறு; எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால், இந்த நூல் சொல்லும் எல்லாச் செலவுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்துங்கள். இன்வெர்ட்டர் வசதிக்கு, இது உயிருக்கு.

உங்கள் வீட்டில் இல்லை, எதிர்வீட்டில் எரிகிறது, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை என்றால் ஒரு பேஸ் மட்டும் போயிருக்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகள் வருகின்றன. தெருவிலுள்ள வீடுகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு பேஸின் பீஸ் எரிந்தால் அதில் இருக்கும் வீடுகள் மட்டும் இருளும். ஊர் முழுக்க, பக்கத்து ஊரும் சேர்ந்து இருண்டால் துணை மின் நிலையத்திலிருந்து வரும் பீடரே நின்றிருக்கிறது. அதற்கு ஊருக்குள் யாரும் எதுவும் செய்ய முடியாது.

நான்காவதாக ஒன்று உண்டு. அதில் கரண்ட் போகாது. திடீரென்று பல்பு கண்கூசும் அளவுக்குப் பிரகாசமாக எரியும், ஃபேன் இரைந்து சுற்றும். அதே நேரத்தில் இரண்டு வீடு தள்ளி விளக்கு மங்கி மஞ்சளாகத் தெரியும். டிரான்ஸ்பார்மரிலோ கம்பத்திலோ நியூட்ரல் கம்பி அறுந்தால் இப்படி ஆகும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் இல்லாமல் போனால் வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். குறைவாகக் கரண்ட் எடுக்கும் வீட்டுக்குத்தான் அதிக வோல்ட் போகும். டிவியும் செட்டாப் பாக்ஸும் சார்ஜரும் ஒரே நொடியில் எரிந்துபோவது இப்படித்தான். விளக்கு அளவுக்கு மீறி எரிவதைப் பார்த்த உடனே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தெருவுக்கு வந்து சத்தம் போட்டு மற்றவர்களையும் இறக்கச் சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒன்றை இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். பகலில் தனியாக இருப்பவர்கள் அவர்கள்தான்.

புகார் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. 2021 ஜூன் முதல் இரவு பகல் இயங்குகிறது. கூப்பிடும்போது மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். அட்டையை இருட்டில் தேடாமல் மீட்டர் பெட்டியின் உள்கதவில் பெயின்டால் எழுதிவையுங்கள். கூடவே டிரான்ஸ்பார்மரின் பெயரையும் கம்ப எண்ணையும் எழுதுங்கள். "எங்க ஊர்ல கரண்ட் இல்லைங்க" என்ற புகாரைவிட, "மாரியம்மன் கோவில் டிரான்ஸ்பார்மர், ஒரு பேஸ் இல்லை, மத்த ரெண்டும் இருக்கு" என்ற புகாருக்கு லைன்மேன் சரியான சாமானோடு வருவார்.

பல ஊர்களில் லைன்மேன் வருவதற்குள் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போட ஒருவர் இருப்பார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்திருப்பார். தயவுசெய்து அவரை அனுப்பாதீர்கள். டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கினாலும் அதன் மூன்று பிளேடில் ஒன்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டே இருக்கலாம். கீழிருந்து பார்த்தால், அதுவும் இருட்டில், தெரியாது. மேலே இருப்பது 11,000 வோல்ட் அல்லது 22,000 வோல்ட். இன்னொரு கெடுதலும் உண்டு. அடிக்கடி போகிறதே என்று பீஸுக்குப் பதிலாகக் கனமான கம்பியை முறுக்கிப் போடுவார்கள். பிறகு பீஸ் போகாது, டிரான்ஸ்பார்மரே போகும். அரை மணி நேரத்தில் தீர வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும்.

தண்ணீர்தான் முதலில்

விளக்கில்லாமல் ஓர் இரவைக் கழித்துவிடலாம், குடிநீர் இல்லாமல் ஒரு பகலைக்கூடக் கழிக்க முடியாது. இருந்தும் வீடு கட்டும்போது இன்வெர்ட்டருக்கு இடம் விடுகிறவர்கள் தொட்டியின் அளவைப் பற்றி யோசிப்பதில்லை. கிணற்றில் வாளி விட்டு இறைத்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. போர்வெல்லுக்குள் சப்மெர்சிபிள் இறக்கிய பிறகு, தண்ணீர் காலடியிலேயே இருந்தாலும் கரண்ட் இல்லாமல் ஒரு சொம்பு எடுக்க முடியாது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியும் அப்படித்தான். நிறைந்த தொட்டி தீரும் வரைதான் குழாயில் வரும்.

ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் மூன்று நாளைத் தாண்டும். அதனால் தொட்டி காலியான பிறகு மோட்டார் போடும் பழக்கத்தை விடுங்கள். பாதியானதும் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி அல்லது மாலை 5 மணி வரை நிறுத்துவதாக முந்தின நாளே பத்திரிகைகளில் வந்துவிடும். அன்று மாலையே தொட்டியை நிரப்பி, குடிதண்ணீரைத் தனியாகக் குடத்தில் பிடித்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உள்ளடங்கிய கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து ஊர்த் தொட்டியை நிரப்பினார்கள். அத்தகைய நாட்களில் கைகொடுப்பது அடிபம்பும் திறந்த கிணறும்தான். உங்கள் தெரு அடிபம்பு வாஷர் தேய்ந்து காற்று வாங்கினால் ஊராட்சியில் சொல்லி மாற்றவைக்கப் போராடுங்கள். பைப் இணைப்பு வந்துவிட்டதென்று அதைக் கழற்றிப் போட விடாதீர்கள். வீட்டில் கிணறு இருந்தால் மோட்டார் போட்டிருந்தாலும் ராட்டினத்தையும் கயிற்றையும் எடுத்துவிட வேண்டாம்.

தேவையைக் குறைப்பது

ராத்திரிக்கு நிஜமாகவே எது வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு ஃபேன், மூன்று விளக்கு, செல்போன் சார்ஜ். இதற்குமேல் எழுதுவதெல்லாம் ஆசைதான், தேவை அல்ல.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட். இரண்டு ஃபேன், இரண்டு டியூப் என்றால் 250 வாட். கடைகளில் பரவலாக விற்கும் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியில் ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி இருக்கிறது. ஆனால் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்குச் சற்று மேல் வரைதான் இறக்கலாம். இன்வெர்ட்டரின் இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,000 வாட்-மணி. 250 வாட் லோடுக்கு அது நாலு மணி நேரம். இப்போது இரண்டு ஃபேனையும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றுங்கள், ஒன்றுக்கு 30 வாட். விளக்குகளை 9 வாட் எல்.இ.டி. பல்பாக மாற்றுங்கள். மொத்தம் 90 வாட்டுக்குள் அடங்கும். அதே பேட்டரி பதினொரு மணி நேரம் வரும். ராத்திரி எட்டு மணிக்குப் போன கரண்ட் விடியும் வரை வராவிட்டாலும் குழந்தைகள் தூங்குவார்கள்.

ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 3,000 ரூபாய். இன்னொரு பேட்டரி வாங்கும் காசில் நாலைந்து ஃபேன் மாற்றலாம். கரண்ட் இருக்கும் நேரத்திலும் அது பில்லைக் குறைக்கும். லோ வோல்டேஜிலும் வேகம் அதிகம் குறையாமல் சுற்றும். பணத்தை முதலில் இதில் போடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மோட்டார், வாட்டர் ஹீட்டர் எதையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் "எல்லாத்துக்கும் சேர்த்துக் குடுத்துடலாங்க" என்பார். வேண்டாமென்று சொல்லுங்கள்.

பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது

ஐந்து வருடம் உழைக்கும் என்று வாங்கிய பேட்டரி இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது என்ற குறை எல்லா ஊரிலும் உண்டு. பல சமயம் பேட்டரியில் குற்றமில்லை. 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி முழுதாக ஏற 10 முதல் 12 மணி நேரம் சீரான கரண்ட் வேண்டும். மின்வெட்டு அதிகமான ஊரில் அந்த நேரம் கிடைப்பதில்லை. பாதி ஏறுவதற்குள் மறுபடி இறங்குகிறது. அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. வெட்டு அதிகமான ஊருக்குத்தான் இன்வெர்ட்டர் அதிகம் தேவை, அங்கேதான் அது சீக்கிரம் கெடுகிறது.

இதற்கு வழி கூரைமேல் ஒரு சூரியத் தகடு. 300 வாட் அளவில் ஒன்று வைத்தால் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். மேலே சொன்ன சிறிய லோடுக்கு அது போதும். உங்கள் பேட்டரியின் வோல்ட்டுக்குப் பொருந்தும் தகடும் சார்ஜ் கன்ட்ரோலரும்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். தகடு தெற்கு பார்த்து, மழைநீர் வழியும் அளவுக்குச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலும் உற்பத்தி கணிசமாகக் குறையும். அதனால் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் கூரைமேல் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் தகடுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. கரண்ட் பில் குறைக்க அது மிக நல்ல திட்டம். ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு நேரடியாக இணைக்கும் அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். உச்சி வெயிலிலும் வீடு இருட்டுதான். மின்வெட்டைச் சமாளிக்கத்தான் தகடு வைக்கிறோம் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்துக் கேளுங்கள்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு தகட்டைக் கெடுக்கும். கோடையில் மாதம் ஒரு முறை மிதவையைப் பாருங்கள். பச்சைக் கோட்டுக்கு மேலே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சாமி விளக்கு எரியும் மாடத்துக்குக் கீழே வேண்டாம்.

கரண்ட் திரும்பும் நேரம்

கரண்ட் போவதைவிட அது திரும்புவதில்தான் சாமான்கள் அதிகம் எரிகின்றன. முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் ஏறி இறங்கும். வந்து உடனே போகும். அதனால் கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் மூன்றின் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். அது ஐந்து நிமிடம் சீராக எரிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

வயல் மோட்டார்களில் இது இன்னும் பெரிய சங்கதி. மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாமல் எல்லாரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூன்று பேஸும் வந்த அந்த நொடியில் ஒரே டிரான்ஸ்பார்மரிலுள்ள அத்தனை மோட்டார்களும் சேர்ந்து கிளம்புகின்றன. நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். டிரான்ஸ்பார்மர் உறுமும், பீஸ் போகும், மறுபடி எல்லாருக்கும் இல்லை. லைன்மேன் வந்து போட்டால் மறுபடி அதே கதை. இதற்குப் புதிய டிரான்ஸ்பார்மர் கேட்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் தீரும். ஆட்டோ ஸ்டார்ட்டரில் டைமர் உண்டு. முதல் மோட்டார் ஒரு நிமிடத்தில், அடுத்தது இரண்டில், அதற்கடுத்தது மூன்றில் என்று ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் போடுங்கள். இரண்டு பேஸில் ஓடும் மோட்டாரின் காயில் கருகிவிடும். ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்கள் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள், ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

கல்யாணத்துக்கோ புயலுக்கோ ஜெனரேட்டர் கொண்டுவந்தால் அதன் ஒயரைச் சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெயினை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் வீட்டிலிருந்து கம்பத்துக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் பின்பக்கமாக ஏறும்போது 230 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக மாறும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி மேலே ஒருவர் கை வைத்திருப்பார். மழையில் நனைந்தபடி நம் வீட்டுக்காகத்தான் அவர் கம்பத்தில் ஏறியிருக்கிறார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைக்கக் கூடாது. அது இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் ஒயரில் வேண்டியதை மட்டும் தனியாக ஓட்டுங்கள். ஜெனரேட்டர் திறந்தவெளியில், சன்னலை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமல் தூக்கத்திலேயே கொல்லும்.

நோயாளி இருக்கும் வீடு

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் பெரிய கவலை ஃபிரிட்ஜ்தான். பிரித்துப் பயன்படுத்தும் இன்சுலின் பலவற்றை 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம். உங்களுடைய பெட்டியில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மூடிய ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை தாங்கும். அதற்குமேல் போனால் இரண்டு மண்பானை முறை உதவும். பெரிய பானைக்குள் சிறியதை வைத்து, இடையில் மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். மருந்தை நனையாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் மே மாத வெக்கையிலிருந்து காக்கும். நெபுலைசர் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில் ஸ்பேசரோடு இன்ஹேலர் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருப்பவருக்கு நிறைந்த சிலிண்டர் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

கூரை வீட்டில் மெழுகுவர்த்தியும் சிம்னி விளக்கும் வேண்டாம். சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு சில நூறு ரூபாய்தான். புயல் நாட்களில் செல்போன் டவரின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சொல்ல வேண்டியதை முதலிலேயே குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுங்கள், செய்திக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஊராகச் செய்ய வேண்டியது

ஒவ்வொரு முறையும் கரண்ட் போன நேரம், வந்த நேரம், எந்த டிரான்ஸ்பார்மர் என்று ஒரு நோட்டில் எழுத டீக்கடையிலோ பால் சொசைட்டியிலோ ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மாத நோட்டு ஒன்று இருந்தால் பிரிவு அலுவலகத்தில் பேச்சின் தன்மையே மாறும். தினமும் மாலை ஏழு மணிக்கே பீஸ் போகிறதென்றால் லோடு தாங்கவில்லை. அந்த நேரத்தில் வந்து டிரான்ஸ்பார்மரின் லோடை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்றடிக்கும்போதெல்லாம் போகிறதென்றால் கம்பிமேல் எங்கோ கிளை உரசுகிறது. ஐப்பசி மழைக்கு முன்பே லைனை நிறுத்தச் சொல்லி வாரிய ஆட்களை வைத்து வெட்டவையுங்கள். கம்பத்தின் ஸ்டே கம்பியில் மாடு கட்டுவதையும் துணி காயப்போடுவதையும் பார்த்த இடத்திலேயே தடுங்கள்.

விவசாயம் தவிர மற்ற இணைப்புகளுக்கு 24 மணி நேரமும் மின்சாரம் தர வேண்டும் என்பதே 2020 மின் நுகர்வோர் உரிமை விதிகளின் பொதுவிதி. இதைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நோட்டைப் படித்துக் காட்டி, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகத் தீர்மானமாக எழுதவையுங்கள்: கூடுதல் டிரான்ஸ்பார்மரா, பழைய கம்பி மாற்றமா, அடிபம்பு பழுதா. தீர்மான நகலை உதவிப் பொறியாளரிடம் கொடுத்து இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் முதலில் எடுக்க வேண்டிய தாள் அது.